ஊசி போடாத பக்கம்

'ஆய்வக உதவியாளர், இரண்டாம் நிலை. கடமைகள்: நீர்த்தொட்டிகளைச் சுத்தம் செய்தல், தவளைகளுக்கு உணவிடுதல், கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குதல். இப்பணிக்குக் கூர்ந்த பார்வையோ பேச்சுத் திறனோ அவசியமில்லை. பாரம் தூக்கும் உடல்வலிமை விரும்பத்தக்கது.'

ஆராய்ச்சி நிலையத்தின் கையேடு இப்படி வரையறுத்திருந்த பதவியில் இருந்தவரால் ஒரு வாளித் தண்ணீரை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோக முடியாது. நடுவில் இறக்கி வைத்து, இடுப்பில் கைகொடுத்து நின்று, வாளியைத் திட்டிவிட்டு மறுபடி தூக்குவார். பாத்திரம் கழுவுவதை அவர் ஒரு காலத்தில் செய்திருக்கக்கூடும். நான் சொல்லும் காலத்தில் நுண்ணோக்கியை விட்டு அவர் எழுந்ததே அபூர்வம். கடுகைவிடச் சிறிய தவளை முட்டைக்குள், கண்ணாடியை உருக்கி இழுத்த தலைமுடி கனமே உள்ள ஊசியைச் செலுத்தி மருந்து விடுவதுதான் அவர் வேலை. கட்டடம் முழுக்க அவருக்கு ஊசியக்கா என்றே பெயர். பேச்சுத் திறன் விஷயத்திலும் கையேடு தோற்றது. கேட்க ஆள் இல்லாவிட்டால் தவளைகளிடம் பேசுவார்.

"என்னடியம்மா, ராத்திரி முட்டையிடறதுக்கு ஊசி போட்டு விட்டிருக்கேன், காலைல ஒரு முட்டைகூட இல்ல. சாப்பாடு மட்டும் மூணு வேளையும் வேணும், இல்ல?" என்று தொட்டியின் விளிம்பில் குனிந்து விசாரிப்பார். தவளை எதிர்த்துப் பேசாது என்பதால் அந்த உறவு நன்றாக நீடித்தது.

அங்கே நடந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் முழு உடம்பையும் கட்டுவதற்கான கட்டளைகள் இருக்கின்றன. கண்ணாகப் போகிற செல்லிலும் இதயத்துக்கான கட்டளை உண்டு. அது அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். எந்தச் செல் எதை எப்போது படிக்க வேண்டும் என்று ஏவுவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன, அலுவலகங்களில் தாம் ஒன்றும் செய்யாமல் பிறரை வேலை வாங்குகிறவர்கள் இருப்பதுபோல. அவர்களைப் போலவே இவற்றின் அருமையும் இல்லாதபோதுதான் தெரியும். இதயத்தைக் கட்டச் சொல்லி ஏவும் அப்படியொரு மரபணுவைப் பேராசிரியர் பல வருடங்களாகத் துரத்திக்கொண்டிருந்தார். அதன் கட்டளையை வழியிலேயே மறிக்கும் மருந்துதான் ஊசியக்காவின் ஊசியில் இருந்தது.

கருவுற்ற முட்டை முதலில் இரண்டு செல்லாகப் பிரியும். பெரும்பாலும் ஒன்று உடம்பின் இடப்பாதியாகும், மற்றது வலப்பாதியாகும். அந்த நேரம் பார்த்து ஒரு செல்லில் மட்டும் ஊசி போட வேண்டும். பிறகு பக்கத்துக்கொன்றாக இரண்டு கூட்டமாகச் செல்கள் தொண்டைக்குக் கீழே நகர்ந்து வந்து, நடுவில் சந்தித்து, ஒன்றாகி, ஒருநாள் துடிக்கத் தொடங்கும். ஊசி போட்ட பக்கத்துக் கூட்டம் தடுமாறும், அல்லது வரவே வராது. ஊசி போடாத பக்கத்துக்கு ஆய்வகத்தில் 'கன்ட்ரோல்' என்று பெயர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விடப்பட்ட பாதி. கெட்டது எவ்வளவு கெட்டது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே அங்கே எல்லோரும் எதையும் இரண்டு முறை பார்ப்பார்கள்: இந்தப் பக்கம் ஒரு தரம், உடனே அந்தப் பக்கம் ஒரு தரம். ஊசியக்காவின் கண் அதற்கு எவ்வளவு பழகிப்போயிருந்தது என்றால், தெருவில் போகிறவரின் ஒரு காதைப் பார்த்தால் மற்ற காதையும் பார்க்காமல் விடாது.

இதயம் உருவாகாமல் தடுப்பதில் அந்தக் கட்டடத்தில் அவருக்கு இணை கிடையாது. அதைப் பாராட்டி ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, காலையில் முதலில் செய்வது. ஊசியே படாத முட்டைகள் தனித்தட்டில் இருக்கும். அவற்றிலும் தினம் சில, யாரும் ஒன்றும் செய்யாமலே, தாமாகக் கோணிப்போயிருக்கும். எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான். அவற்றைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி அப்புறப்படுத்திவிட்டுத்தான் ஆராய்ச்சி தொடங்கும். அவை எந்தக் கணக்கிலும் சேராது. ஊசியக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அதைச் செய்வார்.

அவருடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசாதவர், வீட்டில் அதற்கு வாய்ப்பும் இல்லை. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து ஊசியக்கா உண்டானபோது, ஸ்கேனில் இரட்டை என்று சொன்னார்கள். ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்த இரட்டை, இரண்டும் பெண். ஆய்வகமே கொண்டாடியது. அடுத்த ஸ்கேனில் மருத்துவர் ஒரு குழந்தையின் மேல் கருவியை நகர்த்தாமல் வைத்திருந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஊசியக்காவின் கண் வழக்கம்போல இந்தப் பக்கம் ஒரு தரமும் அந்தப் பக்கம் ஒரு தரமும் பார்த்து முடித்திருந்தது. ஒன்றின் இதயத்தில் இடது கீழறை இருந்தது. மற்றதில் அந்த இடத்தில் ஒரு பிளவு மட்டும்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போய் நின்றார். பேராசிரியரும் பெண்தான், வயதில் மூத்தவர். ஆனாலும் எல்லோரையும்போல அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"மேடம், ரெண்டுக்கும் ஒரே மரபணு. ஒரு எழுத்து மாறல. அப்புறம் எப்படி?"

"உக்காருங்க அக்கா."

"உக்காந்தா பதில் வருமா?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே கட்டளையை ரெண்டு பேர் படிக்கிறாங்கன்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் படிக்கும்போது நடுவுல விளக்கு அணைஞ்சு போச்சு. ஏன் அணைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"இவ்வளவு வருஷம் இதைத்தானே பாக்கிறோம்."

"நாம அணைச்சா என்ன ஆகும்னுதான் பாத்திருக்கோம்."

நாத்தனாருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கணவரின் அக்கா, வாரம் ஒருமுறை வந்து போவார். "எத்தனை தவளைக்குஞ்சோட நெஞ்சைக் கெடுத்திருப்ப, அது சும்மா விடுமா?" என்றார், பழத்தை உரித்துக்கொண்டே.

"அப்ப மீன் விக்கிறவங்க வீட்ல ஒருத்தர்கூட மிஞ்சியிருக்கக் கூடாதே, அண்ணி," என்றார் ஊசியக்கா.

பதில் நல்ல பதில்தான். சொன்னவருக்கு அது போதவில்லை.

பிள்ளைகள் பிறந்தார்கள். முதலில் வந்தவள் பெரியவள், பின்னால் வந்தவள் சின்னவள், வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். பெரியவள் வீட்டுக்கு வந்தாள். சின்னவளுக்கு முதல் அறுவை நடந்து, அவளும் வந்தாள். உதடு நீலமாக இருக்கும், பால் குடிக்கும்போது களைத்துத் தூங்கிவிடுவாள். சிரிக்க மட்டும் களைக்க மாட்டாள். லிஃப்ட்காரர் நாக்கைத் துருத்தினால் பெரியவள் முறைப்பாள், சின்னவள் சிரிப்பாள். ஒரே எழுத்துக்களால் ஆன இரண்டு பேருக்கும் இடையில் மருத்துவம் கண்டுபிடிக்காத வித்தியாசம் அது ஒன்று. இரண்டாவது அறுவைக்குச் சின்னவளை உள்ளே கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவள் வரவில்லை. பெரியவளுக்கு அப்போது தவழத் தெரிந்திருந்தது.

ஊசியக்கா வேலைக்குத் திரும்பினார். பேச்சும் திரும்பியது, அது ஏமாற்றியது, எல்லோரும் ஆள் தேறிவிட்டார் என்று நம்பினார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் பேராசிரியர் பக்க அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தைப் பார்த்தார். அதற்குள் தலைப்பிரட்டைகள். ஊசி படாமல் தாமாகக் கோணிப்போனவை, காலையில் உறிஞ்சி எறிய வேண்டியவை. சிலவற்றுக்கு இதயமே இல்லை. தவளைக் குஞ்சுக்கு அது உடனே தெரியாது. அவ்வளவு சின்ன உடம்புக்கு வேண்டிய காற்று தோல் வழியாகவே ஊறிப் போய்ச் சேர்ந்துவிடும். சில நாட்கள் மற்றவற்றைப்போலவே வாலை ஆட்டி நீந்தும். பிறகு நெஞ்சுப்பக்கம் நீர்கோத்து உப்பும்.

"இது என்ன அக்கா?"

"கணக்குல சேராதது மேடம்."

"அது தெரியுது. ஏன் இங்க இருக்கு?"

"நீந்துதுல்ல. நீந்துற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்." ஊசியக்கா சொட்டுக்குழாயை ஆட்டினார். "தண்ணிக்கு நான் கைக்காசு குடுத்துடறேன்."

பேராசிரியர் அதற்குச் சிரிக்கவில்லை. கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். விதிப்படி அது தவறு, அனுமதித்தது அதைவிடத் தவறு. அந்தக் கட்டடத்தில் விதியை மீறி நடந்த ஒரே காரியம் அதுதான் என்று சொல்ல ஆசை. ஆனால் பின்கதவில் சிகரெட்டும் பிடித்தார்கள்.

பெரியவள் வளர்ந்தாள். எந்தக் குறையும் இல்லாமல், வட்டிக்கடன் மாதிரி வளர்ந்தாள். வாங்கிய சட்டை அடுத்த வருடம் எட்டாது. ஊசியக்கா செருப்புக் கடையில் ஒரு ஜோடிதான் வாங்குவார். பணம் கொடுக்கும்போது அதே அளவில் இன்னொரு ஜோடியைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, இருந்த இடத்தில் வைப்பார். மகள் சைக்கிள் ஓட்டக் கற்ற அன்று தெருவே கைதட்டியது. தாயின் கண் சைக்கிளைப் பார்த்தது, உடனே அதற்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்தது. அது பழகிய கண். தப்பு என்று அதற்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல், பிறந்தநாள் ஸ்கேன். முதல் பிறந்தநாளன்று, ஒரே முட்டையில் வந்தவள் என்பதால், பெரியவளின் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மருத்துவர்தான் சொன்னார். பார்த்தார்கள், சரியாக இருந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஊசியக்கா அடுத்த பிறந்தநாளுக்கும் நேரம் வாங்கினார். அதற்கடுத்ததற்கும்.

"இதைவிட ஒழுங்கான இதயத்தை நான் இந்த வாரத்துல பாக்கல," என்பார் ஸ்கேன் டாக்டர். "எதுக்கும்மா வருஷா வருஷம் இழுத்துட்டு வர்றீங்க?"

"வந்தது வந்துட்டோம், ஒரு தடவை பாத்துடுங்க சார். அந்த இடது அறையைக் கொஞ்சம் பெருசாக் காட்டுங்க."

திரையில் இடது கீழறை திறக்கும், மூடும், திறக்கும். மகள் மல்லாந்து படுத்து, நெஞ்சில் தடவிய களிம்பின் குளிர்ச்சியில் நெளிந்துகொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா திரையைப் பார்ப்பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்தநாள் என்றால் ஸ்கேன் உண்டு என்றுதான் அவள் வெகுநாள் நினைத்திருந்தாள். பள்ளியில் ஒருத்தியிடம், "உனக்கும் களிம்பு சில்லுனு இருந்துச்சா?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு விஷயத்தில் அவள் அப்பாவின் மகள்.

ஏழு வயதில், ஒரு விடுமுறை நாளில், ஊசியக்கா அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார். நாற்காலியில் இரண்டு புத்தகம் வைத்து அதன்மேல் உட்கார வைத்து, நுண்ணோக்கியைக் காட்டினார்.

"அம்மா, பச்சையா மினுங்குதே, அது என்ன?"

"ஊசி போட்ட பக்கம். மருந்துல சாயம் கலந்திருக்கும். எந்தப் பக்கம்னு அப்புறம் தெரியணும்ல."

"மினுங்காத பக்கம்?"

"அது கன்ட்ரோல். அதை ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலேன்னா அதை எதுக்குப் பாக்கிறீங்க?"

"அதைப் பாத்தாத்தானே இந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கணும்னு தெரியும்."

அவள் கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுக்கு அது தெரியுமா?"

"எதுக்கு எது?"

"தான் கன்ட்ரோல்னு."

ஊசியக்கா வாய்விட்டுச் சிரித்தார். அன்று முழுக்க அறை அறையாகப் போய், "என் பொண்ணு கேட்ட கேள்வியைக் கேளுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பேராசிரியரும் சிரித்தார். அறிவாளிகள் நிறைந்த கட்டடம் அது.

ஒன்பதாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நாத்தனார் வந்திருந்தார். கூடத்தில் மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஊசியக்கா சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான்.

"பொறந்தநாளுக்கு அத்தை என்ன வாங்கித் தரட்டும்? கேளு, கேளு. அப்புறம் மனசு மாறிடும்."

"ஒண்ணும் வேணாம் அத்தை. அன்னிக்கு நாங்க ஆஸ்பத்திரி போயிடுவோம்."

"இன்னுமா கூட்டிட்டுப் போறா? உனக்கு என்னடி உடம்புக்கு, குதிரை மாதிரி இருக்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் கன்ட்ரோல்."

"என்னது?"

"கன்ட்ரோல், அத்தை. என்னைப் பாத்தா பாப்பா எப்படி இருந்திருப்பான்னு தெரியும். அதுக்குத்தான் அம்மா பாக்கிறாங்க." பச்சைப் பென்சிலைத் தேடிக்கொண்டே சொன்னாள். குரலில் புகார் இல்லை. வகுப்பில் கரும்பலகை துடைக்கும் பொறுப்பு தன்னுடையது என்று சொல்கிற பிள்ளையின் குரல், கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாத்தனார் ஏதோ சிரிக்கிற விஷயம் என்று நினைத்து, "ஏம்மா, உன் பொண்ணு என்னமோ உத்தியோகத்துல இருக்காளாமே, கேட்டியா?" என்று திரைச்சீலையை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றார். ஊசியக்கா வடிகட்டியைப் பிடித்திருந்தார். தேநீர் தம்ளர் நிரம்பி, மேடை வழியாகத் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் அந்த அம்மாள் துணியை எடுத்துக் குனிந்து தரையைத் துடைத்தார்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் வந்து கை கழுவியதும் ஊசியக்கா துண்டை நீட்டினார்.

"உங்க அக்கா போன் பண்ணினாங்களா?"

"பண்ணுச்சு."

"இவ அப்படி நினைச்சுக்கிட்டு இருக்கான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் துண்டைத் தேவைக்கு மேல் நேரமெடுத்து மடித்தார். "போன வருஷம் ஸ்கேன் முடிஞ்சு வர்றப்ப பஸ்ல சொன்னா."

"ஒரு வருஷமா? ஏங்க என்கிட்ட சொல்லல?"

"அந்த ஸ்கேன் ரூம்லேந்து வெளில வரும்போதுதான் வருஷத்துல ஒருநாள் உன் முகம் முகமா இருக்கும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

"அதுக்கு இவளை விட்டுக்குடுத்துட்டீங்களா?"

"நீ ஒருத்தியைப் பாத்துக்கிட்டிருந்த. நான் உன்னைப் பாத்துக்கிட்டிருந்தேன்." துண்டை நாற்காலியில் போட்டார். "இவளை யாரும் பாக்கல. தப்புதான்."

அந்தத் திரையில் ஊசியக்கா பார்த்துவந்தது மகளின் இதயத்தை அல்ல என்பது அவருக்கு அன்று புதிதாகத் தெரிந்த செய்தியா என்ன? வருடத்தில் ஒருநாள், அந்த இருட்டறையில், சின்னவளுக்கு வந்திருக்க வேண்டிய அறை திறந்து மூடியது. அந்த அளவுக்கு அவள் வேறு எங்கும் மிச்சமில்லை. புகைப்படங்களில் அவள் நீலம். திரையில்தான் அவள் தேறி, வளர்ந்து, எட்டு வயதாகியிருந்தாள்.

பிறந்தநாள் காலையில் மகள் எழுந்து, தானே குளித்து, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்கேனுக்கு அதுதான் வசதி. ஊசியக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலியா அம்மா? லேட்டானா அந்த டாக்டர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு."

"இன்னிக்குப் போகல."

"நாளைக்கா?"

"இல்லடா. இனிமே கிடையாது."

அவள் சட்டையின் மேல் பொத்தானைத் திருகினாள். நிம்மதிப்படுவாள் என்று தாய் எதிர்பார்த்திருக்கலாம். அவள் முகத்தில் இருந்தது கவலை.

"அப்ப பாப்பாவை எப்படிம்மா பாப்பீங்க?"

லிஃப்ட்காரர் வாசல்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசியக்கா மகளை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார். கண் வழக்கப்படி அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்துக்குப் போயிற்று. அதைத் திருப்பிக் கொண்டுவர அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பெரியவளுக்கு இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. எப்போது விழுந்து வந்தது என்று அவருக்கு ஞாபகமில்லை.

"பாக்க மாட்டேன்," என்றார்.

முந்தைய வாரமே ஊசியக்கா மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, ஸ்கேனுக்கு வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்திருந்தார். காரணம் கேட்டதற்கு, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்.